அறுபடாத நிலம்: பிரிஸ்டல்–பாத் ரயில் தடம் சைக்கிள் பாதையான வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டல் நகரத்தின் மையத்தை ஒட்டிப் புறப்பட்டு, கிழக்கே பாத் நகரத்தின் விளிம்புவரை 21 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. மூன்று மீட்டர் அகலம். தார் போட்ட தளம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நூறாண்டுக்கு மேலாக நிலக்கரியையும் பயணிகளையும் சுமந்த ரயில் தடம் அது. பாதையாக மாற்றும் வேலை 1979இல் தொடங்கி 1986இல் முடிந்தது. காலையிலும் மாலையிலும் வேலைக்கும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களால் நிறைந்து, ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களைத் தாங்குகிறது. பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதைத் திட்டமே இதிலிருந்துதான் கிளைத்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இருபுறமும் வளர்ந்திருக்கும் மரங்களையும் பறவைகளையும் முதலில் சொல்வார்கள். அவை உண்மைதான், அருமையானவைதான். ஆனால் இந்தப் பாதை ஏன் வெற்றி பெற்றது, இதேபோல் தொடங்கிய வேறு பல பாதைகள் ஏன் பாதியில் நின்றன என்ற கேள்விக்கு மரங்களிடம் பதில் இல்லை. பதில் நிலத்தில் இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து வெளியே எங்கும் அறுபடாமல் நீளும் ஒரு நிலத்துண்டைத்தான் ரயில் விட்டுச் சென்றது. அந்தத் தொடர்ச்சியை உண்டாக்க ஒரு நாடாளுமன்றச் சட்டமும் பெரும் முதலீடும் பல ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டன. அதை அறுக்க ஒரு கிரயப் பத்திரம் போதும். அறுத்த பிறகு சேர்ப்பது ஏறக்குறைய நடவாத காரியம். பிரிஸ்டலில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

கதை நிலக்கரியில் தொடங்குகிறது. பிரிஸ்டலுக்கு வடகிழக்கே கோல்பிட் ஹீத் என்ற இடத்தில் சுரங்கங்கள் இருந்தன. அங்கே வெட்டிய கரியை நகரத்தின் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1828இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் பிரிஸ்டல் அண்டு குளோஸ்டர்ஷயர் ரயில்வே என்ற நிறுவனத்துக்கு அனுமதி தந்தது. 1835இல் முழுத் தடமும் திறந்தது. எஞ்சின் கிடையாது, குதிரைகள்தான் வண்டிகளை இழுத்தன. நகரத்துக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே ஸ்டேபிள் ஹில் என்ற மேடு குறுக்கிட்டது. அதைச் சுற்றிப் போகாமல் அடியில் குடைந்து ஏறத்தாழ 470 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை போட்டார்கள். அங்கிருந்து துறைமுகம்வரை தடம் மெல்ல இறங்குகிறது. பாரம் போகிற திசையும் அதுதான். கரிப்பொதியோடு இறங்கும் குதிரைக்கு ஏற்ற சரிவும், காலால் மிதித்து வீடு திரும்புகிறவருக்கு ஏற்ற சரிவும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே உயிருள்ள உடம்பின் பலத்தை நம்பி ஓடுபவை. இன்றைய சைக்கிள்காரர் விளக்கு எரியும் அந்தச் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது, குதிரையின் சக்தியைக் கணக்கிட்டு வகுத்த ஒரு வழியில்தான் போகிறார். பிரிஸ்டல் மேடும் பள்ளமுமான ஊர். அதன் தெருக்கள் பல செங்குத்தானவை. அந்த ஊரில் ஏற்றம் தெரியாமல் போகக்கூடிய வழி ஒன்று இருக்கிறது என்றால் அது தற்செயல் அல்ல.

குதிரைத்தடம் நெடுநாள் அப்படியே இருக்கவில்லை. பிரிஸ்டலையும் குளோஸ்டரையும் இணைக்கும் பெரிய ரயிலுக்காக அதை விரிவாக்கினார்கள். அதற்குப் பொறியாளர் இசம்பார்டு கிங்டம் புருனெல். அவருடைய விருப்பப்படி ஏழடிக்கும் சற்றுக் கூடுதலான அகலப்பாதை போடப்பட்டு 1844 ஜூலையில் திறந்தது. ஆனால் குளோஸ்டருக்கு வடக்கே பர்மிங்ஹாம் போகும் தடத்தின் அகலமோ நான்கடி எட்டரை அங்குலம். ஆகவே குளோஸ்டர் நிலையத்தில் ஒவ்வொரு பயணியும் ஒவ்வொரு மூட்டையும் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்கு மாறி ஏறிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழப்பமே அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் பாதை அகலத்தைப் பற்றி விசாரணைக் குழு அமைப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றானது. இதற்குள் மிட்லண்டு ரயில்வே நிறுவனம் தடத்தை எடுத்துக்கொண்டு, 1854இல் உள்ளே மூன்றாவது தண்டவாளம் போட்டு இரண்டு அகல வண்டிகளும் ஓட வழி செய்தது. தண்டவாளத்தின் அகலம் மாறியது, உரிமையாளர் மாறினார், குதிரை போய் எஞ்சின் வந்தது. அடியில் இருந்த நிலம் மட்டும் மாறவில்லை.

மிட்லண்டு நிறுவனம் 1869இல் மாங்கட்ஸ்ஃபீல்டிலிருந்து பாத் நகரத்துக்கு ஒரு கிளை போட்டது. அடுத்த ஆண்டு பாத்தில் கண்ணாடியும் இரும்புமாக வளைந்த கூரையுடன் அழகான முனைய நிலையம் எழுந்தது. பின்னாளில் கிரீன் பார்க் என்று பெயர் பெற்றது. 1874இல் தெற்கே கடற்கரையிலிருந்து வந்த சாமர்செட் அண்டு டார்செட் ரயிலும் அங்கே சேர்ந்துகொண்டது. மான்செஸ்டரிலிருந்து போர்ன்மத் கடற்கரைக்குப் போன பைன்ஸ் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் ஓடியது. விடுமுறைக் கூட்டத்தைவிட நமக்கு முக்கியம் பிரிஸ்டல் பக்கம் நடந்தது. ஈஸ்டன், ஃபிஷ்பாண்ட்ஸ், ஸ்டேபிள் ஹில் என்று தடத்தை ஒட்டியே தொழிலாளர் பேட்டைகள் அடர்ந்தன. ஃபிஷ்பாண்ட்ஸ் பக்கம் பெக்கெட் நிறுவனத்தின் ரயில் எஞ்சின் தொழிற்சாலை. கிரீன்பேங்க்கில் சாக்லேட் தொழிற்சாலை. அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு வீடுகள். ரயில் நகரத்தின் முதுகுப்பக்கமாகப் போனது என்று சொல்வது எளிது. உண்மையில் அந்த வீடுகளிலிருந்து வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் எந்தத் திசையில் போக விரும்பினார்களோ அந்தத் திசையிலேயே தடம் இருந்தது. நூறாண்டு கழித்து அந்த வீடுகளில் வேறு குடும்பங்கள் வந்தபோதும் திசை அதுவாகவே இருந்தது.

1963 மார்ச்சில் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் பிரிட்டிஷ் ரயில்வேயைச் சீரமைக்கும் அறிக்கையை வெளியிட்டார். ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தடத்தையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்னது அது. நட்டத்தைக் குறைப்பதே நோக்கம். ஒரு தடத்தில் எத்தனை டிக்கெட் விற்றது, எவ்வளவு செலவு என்ற கணக்கு அதில் இருந்தது; தடம் படுத்திருந்த நிலத்துக்கு வேறு பயன் உண்டா என்ற கணக்கு இல்லை. 1966 மார்ச் 7 அன்று பாத் கிரீன் பார்க் நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. பாத்தில் இருந்த எரிவாயுத் தொழிற்சாலைக்குக் கரி கொண்டுபோன சரக்கு வண்டிகள் 1971வரை ஓடின. மாங்கட்ஸ்ஃபீல்டு வழியாகப் பிரிஸ்டல் வந்துகொண்டிருந்த முக்கிய ரயில்களும் 1970 ஜனவரியோடு வேறு தடத்துக்குத் திருப்பப்பட்டன. தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். கட்டைகளும் போயின. எஞ்சியவை ஜல்லி, கரை, வெட்டு, பாலம், சுரங்கப்பாதை, அவற்றின் மேல் முளைக்கத் தொடங்கிய முட்புதர்.

மூடிய தடத்தை நடைபாதையாக்குவது அப்போது புதிய யோசனை அல்ல. ஸ்டாஃபர்ட்ஷயரில் 1934இல் மூடிய மேனிஃபோல்டு பள்ளத்தாக்கு ரயில் தடத்தை 1937இலேயே பாதையாக்கியிருந்தார்கள். 1970இல் ஜே. எச். ஆப்பிள்டன் என்ற புவியியல் அறிஞர் கைவிடப்பட்ட ரயில் தடங்களை என்ன செய்யலாம் என்று கிராமப்புற ஆணையத்துக்கு விரிவான அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு டெர்பிஷயர் மலைப்பகுதியில் டிஸ்ஸிங்டன் பாதை திறந்தது. ஆனால் இவையெல்லாம் கிராமப்புறத்தை மனத்தில் வைத்து நடந்தவை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், காரை நிறுத்திவிட்டு, காற்று வாங்கி வரும் இடங்கள். நகரத்துக்குள் புகும் தடத்தை அன்றாடப் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் பிரிஸ்டல்காரர்கள் புகுந்தார்கள்.

1977இல் பிரிஸ்டலில் சைக்கிள்பேக் என்ற பெயரில் ஒரு குழு கூடியது. எண்ணெய் விலை உயர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நகரைச் சுற்றிப் பெருஞ்சாலை போடும் திட்டத்துக்காக டாட்டர்டவுன் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்துவிட்டு, பிறகு திட்டத்தையே கைவிட்டிருந்தார்கள். காருக்காக ஊரை இடிப்பது எதில் முடியும் என்பதை அந்த நகரம் கண்ணெதிரே பார்த்திருந்தது. குழுவின் முன்னணியில் இருந்த ஜான் கிரிம்ஷா கட்டுமானப் பொறியாளர்; மனு எழுதுவதோடு நிறுத்தாமல் மண்ணை அளக்கத் தெரிந்தவர். அது பெரிய வித்தியாசம். ரயில்வேயிடம் அனுமதி பெற்று, தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு, 1979இல் பாத்திலிருந்து பிட்டன்வரையான முதல் பகுதியைக் குழுவே போட்டது. புதர் வெட்டி, ஜல்லியை ஒதுக்கி, மட்டம் பார்த்து, தளம் போட்டார்கள். 1982இல் கிரிம்ஷாவின் நிறுவனம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளுக்கு ஏற்ற கைவிடப்பட்ட தடங்களைப் பற்றிப் போக்குவரத்துத் துறைக்கு ஓர் ஆய்வு செய்து தந்தது. அடுத்த ஆண்டு குழு சஸ்ட்ரான்ஸ் என்ற அறக்கட்டளையாக உருமாறியது. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த எண்பதுகளில், வேலையற்றோருக்கான அரசுத் திட்டங்களின் வழியே ஆட்கள் கிடைத்தார்கள்; சஸ்ட்ரான்ஸ் பல பாதைகளை அப்படித்தான் போட்டது. 1986இல் பிரிஸ்டல்–பாத் பாதை முழுமை பெற்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று தளத்தைப் பார்ப்பது நல்லது. அன்றாடப் பயணப் பாதையா, பொழுதுபோக்குப் பாதையா என்பதைத் தீர்மானிக்கும் முதல் விஷயம் தளம். சுண்ணாம்புக்கல் தூள் இறுக்கிய பாதை மலிவு. பார்க்கவும் இயற்கையாக இருக்கும். மழை பெய்தால் வெள்ளைச் சேறு தெறிக்கும். அலுவலக உடுப்போடு போகிறவர் இரண்டு முறை போவார், மூன்றாம் முறை பேருந்தில் ஏறிவிடுவார். தார் போட்டால் மெல்லிய டயர் ஓடும், சக்கர நாற்காலி ஓடும், குழந்தை வண்டி ஓடும், மழை நாளும் வேலை நாளாகும். ரயில்வேக்காரர்கள் செய்துவைத்த வேலை அடியில் ஏற்கெனவே இருந்தது. நீர் வடியும் கால்வாய்கள், நூறாண்டு பாரத்தில் இறுகிய கரை, எஞ்சினும் பெட்டிகளுமாக நூற்றுக்கணக்கான டன்னைத் தாங்கிய பாலங்கள். சைக்கிளின் எடை அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. குறுக்கே போகும் சாலைகளில் பலவற்றைத் தடம் பாலத்தின் மேலோ அடியிலோ கடந்துவிடுகிறது. வாம்லியில் முன்பு லெவல் கிராசிங் இருந்த இடத்தில் மட்டும் பெரிய சாலையை நேருக்கு நேர் கடக்க வேண்டும். அங்கே சிக்னல் போட்டிருக்கிறார்கள், பழைய சிக்னல் அறையும் பக்கத்திலேயே நிற்கிறது. மாங்கட்ஸ்ஃபீல்டில் கூரையில்லாத நிலையச் சுவரும் நடைமேடையும் அப்படியே இருக்கின்றன. காலை நேரத்தில் நகரச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் இழக்கும் நேரத்தில் பெரும்பங்கு சந்திப்புகளில் நிற்பதால் போவது. நிற்காமல் போக முடிகிற ஒரே வழி ரயில் விட்ட வழிதான். இதைப் புதிதாகக் கட்டுவதானால் எத்தனை வீடுகளை இடிக்க வேண்டும், எத்தனை மேம்பாலம் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கைவிட்ட தடத்தைக் குப்பை நிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, ரயிலையே திரும்பக் கொண்டுவந்திருக்கலாமே என்பது. மூன்று மீட்டர் அகலத் தார்த்தளத்தைவிட இரட்டைத் தண்டவாளம் ஒரு மணி நேரத்தில் பல மடங்கு மக்களைக் கொண்டுபோகும் என்பதை மறுக்க முடியாது. தடம் மூடப்பட்ட உடனேயே, 1972இல், பிரிஸ்டல் புறநகர் ரயில் சங்கம் என்று ஒன்று தோன்றி, அன்றாடப் பயணிகளுக்காக அதை மீட்கவே முயன்றது. ஆனால் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் நடுவே 1840இல் திறந்த கிரேட் வெஸ்டர்ன் தடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரு நகரங்களும் ரயில் இல்லாமல் போகவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் இழந்தன. மேலும் அந்தச் சங்கத்தின் முயற்சி வீணாகவும் இல்லை. பிட்டன் நிலையத்தை மையமாகக் கொண்டு ஏவான் பள்ளத்தாக்கு ரயில் என்ற பெயரில் சுமார் ஐந்து கிலோமீட்டருக்குப் பழைய எஞ்சின்களை இன்றும் ஓட்டுகிறார்கள். சைக்கிள் பாதை அதன் பக்கத்திலேயே போகிறது. இரட்டைத் தடத்துக்கு வாங்கிய அகலம் இருவருக்கும் போதுமானதாக இருக்கிறது. இதைவிட முக்கியமான சான்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து தெற்கே போன வேவர்லி தடத்தை 1969இல் மூடினார்கள். அதன் வடபகுதியை, சுமார் 48 கிலோமீட்டரை, 2015இல் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தடத்தின் மேல் கட்டடங்கள் எழுந்துவிட்டிருந்ததால் நிலத்தைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது, சில வீடுகளை இடிக்கவும் வேண்டியிருந்தது. ரயில் திரும்பி வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள் சைக்கிள் பாதைக்கு எதிரியாக இருக்கக் காரணமே இல்லை. நிலத்தைக் காத்து வைத்திருப்பது அந்தப் பாதைதான்.

2008இல் வேறு வகையான சோதனை வந்தது. பிரிஸ்டலையும் சுற்றுவட்டார உள்ளாட்சிகளையும் சேர்த்த கூட்டமைப்பு, எமர்சன்ஸ் கிரீன் பக்கத்திலிருந்து நகர மையத்துக்கு விரைவுப் பேருந்து விடப் பாதையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது. பேருந்தும் பொதுப் போக்குவரத்துதானே, சைக்கிள் ஓட்ட முடியாதவர்களுக்கும் உதவுமே என்ற வாதத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. முதியவருக்கும் நோயாளிக்கும் பேருந்து வேண்டும். ஆனால் பேருந்துக்குச் சாலை இருக்கிறது. சாலையில் காரிடமிருந்து ஓர் இடத்தை எடுத்துப் பேருந்துக்குக் கொடுக்கும் துணிவு இல்லாதபோதுதான் நடப்பவரிடமும் மிதிப்பவரிடமும் இருந்து எடுக்கும் யோசனை வருகிறது. பாதையில் ஊர்வலம் போனார்கள், மனுவில் கையெழுத்திட்டார்கள், யோசனை நின்றது. அதே ஆண்டு இங்கிலாந்தின் முதல் சைக்கிள் நகரம் என்ற தகுதியும் பிரிஸ்டலுக்குக் கிடைத்தது. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே அந்த நகரத்தில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. அத்தனையும் இந்த ஒரு பாதையால் என்று சொல்வது மிகை. ஆனால் நகரத்தின் முதுகெலும்பாக அறுபடாத வழி ஒன்று இருந்ததால்தான் பிற்பாடு போட்ட சிறு வழிகளுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

பாதையின் ஓரத்தில் குடியிருப்பவர்களின் கவலையும் நியாயமானதே. ரயில் போன தடத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். சைக்கிள் பாதையில் எவரும் வரலாம், பின்புற வேலி ஏறலாம். இந்தக் கவலை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கடுமையாக எழுந்தது. அங்கே தாமஸ் பர்க், டேனியல் கில்மன் என்ற இருவரின் முயற்சியால் 1885இல் தொடங்கிய ரயில் நிறுவனத்தின் தடம், கை மாறிக் கை மாறி 1971இல் கைவிடப்பட்டது. அதைப் பாதையாக்கி 1978இல் ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்குத் திறந்தபோது ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். 1987இல் நகரத்தின் பொறியியல் துறை ஆய்வு நடத்தியது. பாதையால் திருட்டு கூடவில்லை; ஒட்டிய வீடுகளின் விலை குறையவில்லை; சற்றுத் தள்ளியிருந்த வீடுகள் ஆறு சதவீதம் கூடுதல் விலைக்குப் போயின. இன்று அந்தப் பாதை வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தின் வழியே மாணவர்களையும் ஊழியர்களையும் அன்றாடம் கொண்டுசேர்க்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆழமான வெட்டுகளுக்குள் போகும் பாதையில் இரவில் தனியாகப் போகப் பெண்களும் முதியவர்களும் அஞ்சுவது வீண் பயம் அல்ல. பிரிஸ்டல் பாதையில் வழிப்பறி நடந்ததுண்டு. ரயிலுக்கு வசதியாக இருந்த தனிமை மனிதருக்குச் சில நேரங்களில் ஆபத்து. அதேபோல் மூன்று மீட்டர் அகலம் 1986க்குப் போதும். இன்று வேகமாகப் போகும் சைக்கிளும், கைபிடித்து நடக்கும் குழந்தையும், நாயோடு வரும் முதியவரும் அதே மூன்று மீட்டருக்குள் உரசுகிறார்கள். விளக்கு போடுவதும் அகலப்படுத்துவதும் நடந்தாக வேண்டியவை. அவற்றுக்கு இடம் இருப்பதும் ரயில்வே அன்று வாங்கிய அகலத்தால்தான்.

எல்லாக் கைவிட்ட தடமும் இப்படி ஆகுமா என்றால், ஆகாது. மேனிஃபோல்டு பள்ளத்தாக்கில் எவரும் அலுவலகம் போக மாட்டார்கள். பேட்டைகளின் நடுவே புகுந்து நகர மையத்தைத் தொடும் தடங்களுக்கே அந்தத் தகுதி உண்டு. அந்தத் தடங்களின் நகர முனைதான் முதலில் விலை போகும் என்பதே துயரம். பாத்தையே பார்க்கலாம். கிரீன் பார்க் நிலையத்தின் அழகிய கூரை காக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் நிலையத்தை ஒட்டிய ரயில் நிலத்தில் எண்பதுகளில் பல்பொருள் அங்காடி வந்தது. ஆகவே ரயில் பாதை நகரத்தின் விளிம்பில் பிராஸ்மில் லேனிலேயே முடிந்துவிடுகிறது. மீதி தூரத்துக்கு ஏவான் ஆற்றங்கரைப் பாதையில் வளைந்து போக வேண்டும். ஆறு மட்டும் இல்லாவிட்டால் பாத் பக்கம் பாதை அந்தரத்தில் நின்றிருக்கும். சியாட்டிலிலும் இதே கதை: பாலர்டு பகுதியில் இரண்டே கால் கிலோமீட்டர் இணைப்பு மட்டும் தொழிற்சாலைகளோடும் சிறு ரயில் நிறுவனத்தோடும் நடந்த வழக்குகளில் பத்தாண்டுக்கும் மேலாக இழுபட்டது. பத்தொன்பது கிலோமீட்டரைப் போடப் பிடித்ததைவிட அந்தத் துண்டுக்குப் பிடித்த காலம் அதிகம்.

அமெரிக்கா இதற்கு ஒரு சட்ட வழி கண்டது. 1983இல் தேசியப் பாதைகள் சட்டத்தைத் திருத்தி, ரயில் நிறுவனம் கைவிடும் தடத்தை எதிர்கால ரயிலுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டு அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள். ரயில் போனதும் நிலம் பக்கத்து உரிமையாளர்களுக்குத் துண்டு துண்டாகத் திரும்பிவிடும் நிலையை அது தடுத்தது. நிலத்தை இழந்ததாகச் சொன்ன உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தபோது 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இழப்பீடு கேட்கும் உரிமையையும் அவர்களுக்கு விட்டுவைத்தது. அது நியாயமான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். சிங்கப்பூர் இன்னும் எளிய நிலையில் இருந்தது. தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்த மலேயா ரயில் 2011 ஜூலை 1 முதல் நின்றதும், 24 கிலோமீட்டர் நிலமும் ஒரே கையில் அரசிடம் வந்தது. மலேயா ரயில்களைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. தீவின் வடக்கு தெற்காக அவர்கள் உழைத்த தடத்தைத் துண்டுபோட்டு விற்காமல் ஒரே வழியாக வைத்திருக்க இயற்கை ஆர்வலர்கள் முன்கூட்டியே குரல் கொடுத்தார்கள், அரசும் கேட்டது. நிலம் விலையேறிய ஊரில் எடுத்த முடிவு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

பிரிட்டனில் அமெரிக்கா போன்ற சட்டம் வரவில்லை. தேசிய சைக்கிள் பாதைத் திட்டத்துக்கு 1995இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுண்டு கிடைத்து, 2000இல் முதல் 8,000 கிலோமீட்டர் திறந்தபோதும், பழைய தடங்களின் துண்டுகளை இணைக்கச் சாலையில் இறங்கிப் போக வேண்டிய இடங்கள் ஏராளம். இன்னமும் பழைய ரயில்களின் 3,000க்கும் மேற்பட்ட பாலங்களும் சுரங்கப்பாதைகளும் அரசின் நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2021இல் கம்பிரியாவில் கிரேட் மஸ்கிரேவ் என்ற சிற்றூரில் 1862ஆம் ஆண்டுக் கற்பாலம் ஒன்றின் அடிவயிற்றைப் பாதுகாப்பு என்று சொல்லி ஆயிரம் டன்னுக்கும் மேலான கல்லும் கான்கிரீட்டும் கொட்டி அடைத்துவிட்டார்கள். அந்தத் தடத்தை மீட்டு இணைய நினைத்த இரண்டு பாரம்பரிய ரயில் சங்கங்களின் வழி அதனால் அடைபட்டது. உள்ளூர் மன்றம் 2022இல் பின்தேதி அனுமதி தர மறுத்தது; கொட்டியதை 2023இல் திரும்ப அள்ளினார்கள். அடைத்ததைவிட அள்ளியதற்குச் செலவு அதிகம். நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பாலத்தையும் அடைக்கும் முன் அதன் வழியே எந்த ஊரிலிருந்து எந்த நகரத்துக்குத் தடம் போகிறது என்ற கேள்வியை எழுத்தில் கேட்கச் செய்யும் வேலையில் பொறியாளர்களும் சைக்கிள்காரர்களும் ரயில் ஆர்வலர்களும் இப்போது ஒன்றாக நிற்கிறார்கள்.